மெர்டேக்கா சதுக்கத்தின் ஓரத்தில் ஓர் ஆங்கிலக் கிராமம்



ஐந்தாம் ஆண்டு மாணவர்களை மெர்டேக்கா சதுக்கத்திற்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்வதென்று அண்மையில் முடிவாயிற்று. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில், சதுக்கத்தின் வடக்கே நிற்கும் செயிண்ட் மேரி தேவாலயத்தையும் சேர்த்திருந்தேன். கடிதம் வீடுகளுக்குப் போன மறுநாளே ஒரு தந்தையார் பள்ளிக்கு வந்துவிட்டார். "டீச்சர், நம்ம கோயில் எத்தனையோ இருக்க, பிள்ளைங்கள மாதா கோயிலுக்கு ஏன் கூட்டிட்டுப் போறீங்க?" என்றார். அவர் குரலில் சினமில்லை, கவலை மட்டுமே இருந்தது. என்னால் சரியான விடை கூற இயலவில்லை. அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

சுற்றுலா நாளன்று, திடலின் நடுவே நின்ற ஒரு மாணவி அத்திசையைச் சுட்டிக்காட்டி, "அது என்ன கட்டடம் டீச்சர்?" என்று வினவினாள். "தேவாலயம்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு நடந்தேன். அந்த ஒற்றைச் சொல் இன்றுவரை உறுத்துகிறது.

நான் சொல்லியிருக்க வேண்டியவை எவ்வளவோ உண்டு. இடைக்கால இங்கிலாந்தில் பெரும்பாலான கிராமங்களில் ஒரு பங்குத் தேவாலயம் இருந்தது. அதன் அடிப்படை இரண்டே பகுதிகள்: ஊர் மக்கள் கூடும் நீண்ட நடுக்கூடம், அதன் கிழக்கு முனையில், குருவானவர் நின்று வழிபாடு நடத்தும் சற்றுச் சிறிய பீடப்பகுதி. நம் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க ஒரு நொடி போதும். மகாமண்டபம், கருவறை என்றால் அவர்களே மீதியைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் இன்னொரு செய்தி அவர்களுக்குப் புதிதாக இருக்கும். நடுக்கூடத்தின் கூரை ஒழுகினால் ஊராரே பழுதுபார்க்க வேண்டும். பீடப்பகுதி ஒழுகினால் அது குருவானவரின் செலவு. அதனால்தான் பல பழைய தேவாலயங்களில் இவ்விரு பகுதிகளும் வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு காலத்து வேலைப்பாட்டோடு காணப்படுகின்றன. ஊரில் மக்கள் பெருகியபோது நடுக்கூடத்தின் சுவரைத் துளைத்து, வளைவுகள் அமைத்து, பக்கக்கூடத்தைச் சேர்த்தார்கள். சுவரைப் பார்த்தே ஊர் வளர்ந்த கதையைப் படிக்கலாம்!

கூர்வளைவின் நுட்பத்தையும் சொல்லியிருக்கலாம். அரைவட்ட வளைவின் உயரம் அதன் அகலத்தில் பாதிதான். அதை மாற்ற முடியாது. உச்சியில் கூராக முடியும் வளைவிற்கு அந்தக் கட்டுப்பாடில்லை. ஒடுக்கமான இடத்திலும் உயர்ந்து நிற்கும். சுவரை வெளியே தள்ளும் விசையும் குறையும். எஞ்சும் விசையைத் தாங்கச் சுவருக்கு வெளியே முட்டுச்சுவர்களை எழுப்பினார்கள். நம் கோயில் மண்டபங்களோ தூண்மேல் கல் உத்தரம் வைத்த அமைப்பு. கல் உத்தரம் நீண்டால் முறியும். ஆகவே தூண்கள் நெருங்கி நிற்கின்றன. மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் நிற்பதற்கு அழகுணர்ச்சி மட்டுமே காரணமன்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பிள்ளைக்குத் தன் கோயிலும் கூடுதலாக விளங்குமே தவிர, ஒருபோதும் குறையாது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1887இல் புக்கிட் அமானில் மரத்தாலான சிறு தேவாலயம் ஒன்று எழுந்தது. அது இடம் போதாமற் போகவே, 1894இல் இன்றைய இடத்தில் அடிக்கல் நாட்டி, 1895 பிப்ரவரியில் புதிய தேவாலயத்தை அர்ப்பணித்தார்கள். வடிவமைத்தவர் ஏ.சி. நார்மன். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கிராமத் தேவாலயத்தின் தொடக்ககால ஆங்கில கோதிக் பாணியை அவர் தேர்ந்தார். 1839இல் கேம்பிரிட்ஜில் தோன்றிய ஒரு சங்கம், தேவாலயம் என்றால் இடைக்காலத்து வடிவமே உகந்தது என்று வலியுறுத்தியதன் அலை குடியேற்ற நாடுகள் எங்கும் பரவியிருந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சாலைக்கு எதிர்ப்புறம் 1897இல் நிறைவுபெற்ற சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்திலும் இதே நார்மனின் பங்கு உண்டு. நம்மை ஆள்வதற்குக் குவிமாடங்கள். தாங்கள் வணங்குவதற்குச் சொந்த ஊர்! அந்த இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே நின்று பேசினால், குடியேற்ற ஆட்சி பற்றிய பாடத்திற்கு வேறு துணைக்கருவி எதற்கு?

நடுக்கூடம் 87 அடி நீளம், 28 அடி அகலம். பீடப்பகுதி 29க்கு 22 அடி. பெருக்கிப் பார்த்தால் 2,436 சதுர அடியும் 638 சதுர அடியும் வரும். ஏறக்குறைய நான்கிற்கு ஒன்று. இது ஐந்தாம் ஆண்டுக் கணிதம்தான்.

இந்த அளவுகளை எழுதும்போதுதான் மனம் கனக்கிறது. நான் பயின்ற தோட்டத் தமிழ்ப்பள்ளி கிள்ளானுக்கு அருகே இருந்தது. பலகைச் சுவர், துத்தநாகக் கூரை, இடுப்பளவுக்கு மேல் காற்று வரச் சட்டங்கள். அதை இடித்துப் பல்லாண்டுகள் ஆகின்றன. எத்தனை அடி நீளம்? யாருக்கும் தெரியாது. தூண்கள் எத்தனை? என் தோழிகளிடம் கேட்டேன். ஆளுக்கோர் எண் சொன்னார்கள். யாரும் அளக்கவில்லை, வரையவில்லை. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன் வெள்ளையர் கட்டியதன் நீள அகலத்தை நான் ஒப்பிக்கிறேன். நானே படித்த வகுப்பறையின் அளவு என்னிடம் இல்லை. தோட்டத்துக் கோயில்களின் கதையும் இதுவே. பழைய மண்டபத்தை இடித்துக் காரைக்கட்டடம் எழுப்புகிறோம். திறப்பு விழாவுக்கு மலர் வெளியிடுகிறோம். இடித்ததன் படம் ஒன்றுகூட அதில் இருப்பதில்லை.

கட்டடத்தைப் பார்க்கப் பழகாத கண்ணுக்கு எது போனாலும் தெரியாது. பழக்குவதற்கு எளிய கட்டடத்திலிருந்து தொடங்குவதே நல்லாசிரியர் வழக்கம். பகுதிகள் தெளிவாகப் பிரிந்து நிற்கும் பங்குத் தேவாலயம் அதற்கு மிகப் பொருத்தம் என்பது என் கருத்து. கிள்ளான் ஆசிரியர்கள் தலைநகர்வரை வரவும் வேண்டியதில்லை; 1928இல் கட்டிய லூர்து மாதா தேவாலயம் அவர்கள் அருகிலேயே இருக்கிறது. அங்கிருந்து திரும்பும் வழியில் ஒரு கோயிலிலும் அதே அளவுநாடாவை விரிக்கட்டும்.

புதிய கடிதம் எழுதிவிட்டேன். வழிபாடு இல்லை, அளப்பதும் வரைவதும் மட்டுமே என்று தடித்த எழுத்தில் சேர்த்துள்ளேன். காலையில் தேவாலயம், நண்பகலுக்கு முன் பிரிக்ஃபீல்ட்ஸ் கந்தசுவாமி கோயில். அந்தத் தந்தையாரையும் உடன் வருமாறு அழைத்திருக்கிறேன். நாடாவின் மறுமுனையைப் பிடிக்கப் பெரியவர் ஒருவர் வேண்டும்.