ஜன்னலோர சீட் யாருக்கு?



ரயிலில் ஏறியதும் நாம் போடும் முதல் சண்டை எதற்கு? ஜன்னலோர சீட்டுக்குத்தானே!

சேலத்திலிருந்து தர்மபுரிக்கு ரயிலில் வந்திருக்கிறீர்களா? தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே மலையும் காடுமாக இருக்கும். ஜன்னலோரம் இருப்பவருக்குக் கண்கொள்ளாக் காட்சி. நடுவில் மாட்டிக்கொண்டவருக்கோ, எதிரே இருப்பவரின் முகம்தான் காட்சி!

காரணம் என்ன தெரியுமா? சாதாரணப் பெட்டியின் இருக்கைகள் நிறையப் பேரை ஏற்றிச் செல்வதற்காக அமைக்கப்பட்டவை. இரண்டாம் வகுப்பு உட்காரும் பெட்டி ஒன்றில் 100 பேருக்கு மேல் உட்காரலாம்.

சுற்றுலா ரயிலின் கணக்கு வேறு. அங்கே பயணமே பார்ப்பதற்காகத்தான். 2017-ல் விசாகப்பட்டினத்திலிருந்து அரக்கு பள்ளத்தாக்குக்கு 'விஸ்டாடோம்' பெட்டி ஓடத் தொடங்கியது. அதை உருவாக்கியது நம் சென்னை, பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை. அகலமான கண்ணாடி ஜன்னல்கள், கூரையிலும் கண்ணாடி. இருக்கையைச் சுழற்றி, அழகு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பி உட்காரலாம். ஆனால், மொத்தமே 40 இருக்கைகள்தான். அதனால் கட்டணமும் அதிகம்.

அப்படியானால், வசதி உள்ளவர்களுக்கு மட்டும்தான் நல்ல இருக்கையா? அப்படி இருக்க வேண்டியதில்லை. ஜப்பானின் ஷிங்கன்சென் ரயிலில் சாதாரண வகுப்பு இருக்கைகளும் திரும்பும். ரயில் கடைசி நிலையத்தை அடைந்து திரும்பப் புறப்படும் முன், எல்லா இருக்கைகளையும் போகும் திசைக்குத் திருப்பிவிடுவார்கள். யாரும் முதுகைக் காட்டியபடி பயணம் செய்ய வேண்டாம்!

நாளை உங்களில் ஒருவர் பொறியாளராகி, குறைந்த கட்டணப் பெட்டியிலும் எல்லாரும் வெளியே பார்க்கும்படி இருக்கை அமைக்கலாம். அதுவரை? இருக்கை திரும்பாவிட்டால் என்ன, நாம் இடம் மாறிக்கொள்ளலாமே! சேலத்திலிருந்து தொப்பூர் வரை அண்ணன், அங்கிருந்து தர்மபுரி வரை தங்கை. மலை தங்கைக்கே போய்விட்டதே என்கிறீர்களா? திரும்பி வரும்போதும் அதே வரிசையில் அண்ணன் தர்மபுரியில் முதலில் உட்காரட்டும், மலை அவனுக்கு!

நடுவில் உட்கார்ந்திருக்கும் பாட்டியையும் மறக்காதீர்கள். அவருக்கும் வேடிக்கை பார்க்கும் ஆசை இருக்கும், கேட்கத்தான் கூச்சம். நீங்களே எழுந்து இடம் கொடுங்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஜன்னலுக்கு வெளியே தலையையோ கையையோ நீட்டாதீர்கள். பார்க்கக் கண் போதும்!

அன்புடன்,
ஆசிரியர்