கொலஸ்ட்ரால் 'நார்மல்'னு ரிப்போர்ட் வந்துடுச்சா... ஹார்ட் சேஃப்னு அர்த்தமா?

2021 செப்டம்பரில் இந்தி நடிகர் சித்தார்த் சுக்லா, வயது 40. அடுத்த மாதமே கன்னட நடிகர் புனித் ராஜ்குமார், வயது 46. இருவருமே ஃபிட்னஸுக்குப் பெயர்போனவர்கள். இருவருக்கும் மாரடைப்பு என்றே செய்திகள் வந்தன. அப்போதிலிருந்து இளம் வயதில் யார் இறந்தாலும், ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் 'ஜிம்தான் காரணம்', 'தடுப்பூசிதான் காரணம்' என்று ஃபார்வேர்டுகள் பறக்கின்றன.

தடுப்பூசி பயத்துக்கு 2023-லேயே பதில் வந்துவிட்டது. சென்னையில் இருக்கும் ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், 18 முதல் 45 வயதுக்காரர்களின் திடீர் மரணங்களை ஆராய்ந்தது. தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. குடும்பத்தில் யாராவது திடீரென இறந்திருப்பது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் அளவுமீறிக் குடிப்பது, உடலைக் கடுமையாக வருத்திக்கொள்வது போன்றவைதான் கூட்டின. 2025 ஜூலையில், கர்நாடகாவின் ஹாசன் மாவட்டத்தில் நடந்த மரணங்களால் மறுபடி பீதி கிளம்பியபோதும், மத்திய அரசு இதையேதான் சொன்னது.

சரி, பயம் வந்ததும் நாம என்ன பண்றோம்? ஆஃபர்ல ஒரு 'ஃபுல் பாடி செக்கப்' புக் பண்றோம். கொலஸ்ட்ரால் வரிசையில் சிவப்பு எழுத்து இல்லைன்னா நிம்மதியாகிடறோம். ஆனால், 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு வேறு கதை சொல்கிறது. மாரடைப்பால் மருத்துவமனைக்கு வந்தவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேருக்கு, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல் 130-க்குக் கீழேதான் இருந்தது.

அப்போ கொலஸ்ட்ரால் அப்பாவியா? இல்லை. எல்லோருக்கும் ஒரே 'நார்மல்' கிடையாது, அவ்வளவுதான். இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பொதுவாக எல்.டி.எல் 100-க்குக் கீழே இருக்கணும். சர்க்கரை நோய், பி.பி இருந்தால் 70-க்குக் கீழே. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு 55-க்குக் கீழே. லேப் அச்சடிக்கும் 'நார்மல்' உங்க உடம்பைப் பார்த்து எழுதினது இல்லை.

காசில்லாத கணக்கு

பழைய ரிப்போர்ட்டை எடுங்க. மொத்த கொலஸ்ட்ராலிலிருந்து ஹெச்.டி.எல்-ஐக் கழிங்க. வர்ற எண் 130-க்குக் கீழே இருக்கணும். டிரைகிளிசரைடு அதிகம், நல்ல கொழுப்பு கம்மி என்பது நம்ம ஊர்ல ரொம்ப சகஜம். அப்படி இருக்கிறவங்களுக்கு எல்.டி.எல் மட்டும் பார்த்தால் நல்லாவே தெரியும். இந்தக் கழித்தல்தான் உண்மையைக் காட்டும்.

அடுத்து, இன்ச் டேப். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ, பெண்களுக்கு 80 செ.மீ தாண்டினால், எடை சரியாக இருந்தாலும் கவனம் தேவை. பி.பி-யும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

வாழ்நாளில் ஒருமுறை

லிப்போபுரோட்டீன்-ஏ என்று ஒன்று உண்டு. வழக்கமான லிப்பிட் டெஸ்ட்டில் இது வராது. பரம்பரையாக வருவதால் டயட், ஜிம் எதற்கும் பெரிதாக அசையாது. இந்தியர்களில் நாலில் ஒருவருக்கு இது 50 மி.கிராமைத் தாண்டுகிறது என்கிறது அதே வழிகாட்டுதல். குறைக்கவே முடியாதுன்னா எதுக்கு டெஸ்ட்? இது அதிகம் என்று தெரிந்தால், எல்.டி.எல், பி.பி, சிகரெட் என மற்றவற்றில் டாக்டர் கறாராக இருப்பார். அதுக்குத்தான்.

அப்போ-பி இன்னொரு டெஸ்ட். பத்து பேர் ஒரே வேனில் போகலாம், ஐந்து ஆட்டோவிலும் போகலாம். ஆள் எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் ரோட்டில் நெரிசல் வேறு. ரத்தக்குழாயில் கொழுப்பைச் சுமந்து போகும் 'வண்டிகளை' எண்ணுவதுதான் அப்போ-பி. சர்க்கரை நோய், தொப்பை இருப்பவர்களுக்கு இது உதவும்.

சி.டி கால்சியம் ஸ்கேன்? 25 வயசுல அவசரப்பட வேண்டாம். இளம் வயதில் படியும் மென்மையான கொழுப்பு அதில் தெரியாது. 40-ஐத் தாண்டி, மாத்திரை ஆரம்பிக்கலாமா என்ற குழப்பம் இருந்தால் டாக்டரே சொல்வார்.

ஆபத்தைக் குறைக்க...

52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, மாரடைப்பு ஆபத்தில் சுமார் 90 சதவிகிதத்துக்கு ஒன்பதே காரணங்கள் என்றது. புகை, கொழுப்பு, பி.பி, சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி-பழம் குறைவது, உடற்பயிற்சியின்மை, மது. ஒன்பதுமே மாற்றக்கூடியவை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், மற்றவர்களைவிடச் சுமார் ஆறு வருடம் முன்பே வந்ததும் அதில் தெரிந்தது. அதனால, '50-க்கு மேல பார்த்துக்கலாம்' என்பது நமக்குச் சரிப்படாது.

சிகரெட்டை விட்ட ஒரே வருடத்தில், அதனால் கூடிய ஆபத்து பாதியாகிறது. வாரம் 150 நிமிடம் வேகநடை போதும். ஆறு நாள் உட்கார்ந்தே இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிரவுண்டில் உயிரைக் கொடுத்து ஆடாதீங்க. டாக்டர் எழுதிய ஸ்டேட்டின் மாத்திரையை ரீல்ஸ் பார்த்து நிறுத்தாதீங்க. நெஞ்சு கனத்து, வியர்த்துக்கொட்டினால் 'கேஸ்'னு சோடா குடிச்சுட்டுக் காத்திருக்காம, உடனே 108.

கடைசியா, எந்த லேபும் செய்ய முடியாத ஒரு டெஸ்ட். இன்னைக்கு ராத்திரி வீட்டுல கேளுங்க: அப்பா, சித்தப்பா, மாமா யாருக்கு, எந்த வயசுல ஹார்ட் பிரச்னை வந்துச்சு? அம்மாவுக்குக் கர்ப்பகாலத்துல பி.பி, சர்க்கரை இருந்துச்சா? அப்பா, அண்ணன் என்றால் 55-க்கு முன்பு, அம்மா, அக்கா என்றால் 65-க்கு முன்பு வந்திருந்தால், டாக்டரிடம் நீங்க முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். கர்ப்பகாலப் பிரச்னை இருந்திருந்தால், உங்களுக்கு முன்னாடி அம்மாவை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போங்க.