உழவர்க்கும் நடை தேவையே

"காலை முதல் மாலை வரை வயலில் பாடுபடுகிறவனுக்குத் தனியே உடற்பயிற்சி எதற்கு?" என்று கிராமங்களில் கேட்பதுண்டு. கமலை இறைத்த காலத்தில் இக்கேள்வி நியாயமானதே. மாடுகளோடு முன்னும் பின்னும் நடந்த நடைக்குக் கணக்கில்லை. இன்றோ, திண்ணையில் அமர்ந்தபடியே செல்போன் மூலம் மோட்டாரை ஓட விடுகிறார்கள். உழவுக்கு டிராக்டர், நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம், வரப்பு வரை செல்ல மோட்டார் சைக்கிள். இவை வேண்டாம் என்பதல்ல. ஆள் கிடைக்காத நாளில் இவையின்றி சாகுபடியே நடவாது. ஆனால் உழைப்பு குறைந்த அளவுக்குச் சோறு குறையவில்லை.

சர்க்கரை நோய் பட்டணத்து நோய் என்ற எண்ணம் இனிச் செல்லாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் கிராம வீடுகளுக்கே வந்து சேருகின்றன. மாத்திரை வருவது நல்லதே. நோய் வராமல் தடுப்பது அதனினும் நல்லது.

லண்டன் நகரில் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஜெரி மோரிஸ் என்ற மருத்துவ அறிஞர் 1953ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நாள் முழுதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு. நமது டிராக்டர் ஓட்டுநர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். சென்னை மருத்துவர்கள் நடத்தி 2006ல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள் உணவிலும் நடையிலும் கவனம் செலுத்தியதால், மூன்றாண்டுகளில் நோய் வருவது நூற்றுக்கு 28 பங்கு குறைந்தது. வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எரிபொருளாக இழுத்துக்கொள்கிறது என்பதே இதன் சூட்சுமம்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ம் ஆண்டுப் பரிந்துரை. மண்வெட்டி பிடிப்பதும், கோனோ களைக்கருவி தள்ளுவதும் இதில் சேரும். ஆயினும் நடவிலும் அறுவடையிலும் சில வாரம் உடல் நோக உழைத்துவிட்டு, மற்ற மாதங்களில் டீக்கடைப் பெஞ்சில் அமர்ந்திருப்பது பயன் தராது. பயிருக்கு ஒரே நாளில் ஒரு மாதத் தண்ணீரை விட்டால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, தினமும் அரை மணி நேரம் வரப்பைச் சுற்றி வேகமாக நடந்தாலே போதும். நடந்து முடித்ததும் வயலில் இறங்கித் தூரைப் பிரித்துப் பார்த்தால் புகையான் கண்ணில் படும். நண்டு வளையால் ஒழுகும் மடையும் தெரியும். வண்டியில் வந்து திரும்புகிறவருக்கு இவை தெரிவதில்லை. மருந்து தெளித்த வயலில் மட்டும் அன்று நடக்கலாகாது.

குனிந்தே களை பறிக்கும் பெண்களுக்கு இது அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு முதலில் வேண்டியது முதுகை நிமிர்த்த இடையிடையே ஓய்வு.

சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. இன்சுலின் போடுவோர் வெறும் வயிற்றில் நடந்தால் மயக்கம் வரலாம். சட்டைப் பையில் கொஞ்சம் வெல்லம் இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ தோன்றினால் உடனே நின்று மருத்துவரிடம் செல்ல வேண்டும். அந்தி நேர நடைக்குக் கையில் டார்ச் லைட் அவசியம்.