எங்கே குடியேறுவது? யாருக்கு அயலாராவது?



கோயில் இல்லாத ஊர் குடியிருக்கத் தகாது என்பது பழைய அறிவுரை. நம் முன்னோர் ஓர் ஊரை எவ்வாறு மதிப்பிட்டனர் என்பதற்கு அது சான்று. இன்று வீடு தேடுவோர் வேறு மூன்று கேள்விகளைக் கேட்கின்றனர். நல்ல பள்ளி உண்டா? பிள்ளைகள் விளையாடப் பூங்கா உண்டா? அச்சமின்றி வாழப் பாதுகாப்பு உண்டா? இம்மூன்றையும் நற்செய்தியின் ஒளியில் சிறிது ஆராய்வோம்.

இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட நிலத்தை நீங்கள் அறிவீர்கள். மேற்கே மலைத்தொடர்; அதன் அடிவாரத்தில் தோப்புகள், வயல்கள், கண்மாய்கள்; திருவில்லிபுத்தூரை அடுத்து, புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மக்கள் திரளும் சீனிவாசப் பெருமாள் குன்றைக் கொண்ட திருவண்ணாமலைச் சிற்றூர். இத்தகைய ஊர்களைச் சுற்றித்தான் எங்கும் இன்று எல்லைக் கற்கள் நடப்படுகின்றன. வீட்டு மனை விற்பனைப் பலகைகள் எழுகின்றன. பஞ்சாலையிலும் கடையிலும் அலுவலகத்திலும் பல்லாண்டு உழைத்துச் சேமித்த பணத்தை, நகையை அடகு வைத்துப் பெற்ற பணத்தோடு சேர்த்து, ஒரு குடும்பம் மனை வாங்குகிறது. வாழ்நாளில் ஒருமுறை எடுக்கும் முடிவு அது. ஆகவே ஆராய்ந்து எடுப்பது பேராசையன்று; பெற்றோரின் கடமை.

முதலில் பள்ளி. விருதுநகரில் பிறந்த காமராசர், 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்தபோது, சிற்றூர்தோறும் பள்ளிகளைத் திறக்கச் செய்தார். பசித்த பிள்ளைகளுக்கு மதிய உணவும் அளிக்கச் செய்தார். பிள்ளை பள்ளியைத் தேடி அலையக் கூடாது, பள்ளியே பிள்ளையைத் தேடி வர வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தையொட்டி நடுவணரசு வகுத்த விதிகளும் இதையே கூறுகின்றன: தொடக்கப்பள்ளி 1 கி.மீ. நடை தொலைவிலும், நடுநிலை வகுப்புகள் 3 கி.மீ. தொலைவிலும் இருத்தல் வேண்டும். அமெரிக்க அறிஞர் கிளாரன்சு பெர்ரி 1929-இல் குடியிருப்புகளுக்கு ஒரு முறையை வகுத்தபோது, பள்ளியை நடுவில் வைத்தே வரைந்தார். பெருஞ்சாலையைக் கடக்காமல் குழந்தை நடந்து பள்ளி சேர வேண்டும் என்பது அவர் கருத்து.

நாமோ தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்கிறோம். மஞ்சள் நிறப் பேருந்து வாசலுக்கு வருமா என்று கேட்கிறோம். பிள்ளை நடந்து செல்ல வழியுண்டா, நலிந்த மாணவனை அப்பள்ளி எவ்வாறு நடத்துகிறது என்று எத்தனை பேர் கேட்கிறோம்? அருகிலுள்ள அரசுப் பள்ளியை எட்டியும் பாராமலே அது ஆகாது என்று தீர்ப்பிடுவது நேர்மையாகுமா?

அடுத்தது பூங்கா. மனைப்பிரிவின் வண்ணத்தாளில் பச்சை வண்ணம் தீட்டி, ஊஞ்சல் படமும் வரைந்திருப்பார்கள். அதை நம்பி மகிழ்வதற்கு முன் சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 74 செண்டுக்கு, மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான நிலத்தில் 10 விழுக்காடு பொதுத் திறந்தவெளிக்கு உரியது. நிலம் 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது இரண்டரை ஏக்கருக்கு, உட்பட்டிருந்தால் இடத்துக்கு ஈடாகப் பணம் கட்டிவிடலாம். அதற்கு மேற்பட்டால் இடத்தையே உள்ளாட்சி மன்றத்துக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். எனவே சிறு மனைப்பிரிவில் பூங்காவே இல்லாதிருக்கலாம். பெரியதாயின், தானப் பத்திரம் பதிவாகியுள்ளதா என்று கேளுங்கள். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தபோது, விற்கவும் இயலாமல் கட்டவும் இயலாமல் தவித்த குடும்பங்கள் பல. அங்கீகார எண்ணைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

ஆனால் பத்திரம் மட்டும் பூங்காவை உண்டாக்கிவிடாது. திறந்தவெளியெனக் குறிக்கப்பட்ட இடத்தில் சீமைக்கருவேல் மண்டிக்கிடப்பதைப் பல ஊர்களில் காண்கிறோம். மனை வாங்கியோர் தத்தம் சுற்றுச்சுவரை உயர்த்துவதில் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கை அங்கே காட்டியிருந்தால், இந்நேரம் வேம்பும் புங்கமும் நிழல் தந்திருக்கும்.

இனிப் பாதுகாப்பு. மழைநீர் ஓடும் வழியில் மனை அமைந்துள்ளதா என்பது முதற்கேள்வி. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களைச் சூழ்ந்த வெள்ளத்தை நாம் மறக்கலாகாது. கண்மாயையும் ஓடையையும் மறித்தவன் மறந்தாலும் தண்ணீர் தன் வழியை மறப்பதில்லை. ஆலையில் இரவு முறை முடித்துத் திரும்பும் நம் பெண்கள் இறங்கும் நிறுத்தத்தில் விளக்கு எரிகிறதா என்பது அடுத்த கேள்வி. மூன்றாவது, தெருவில் மனிதர் நடமாட்டம் உண்டா என்பது. ஜேன் ஜேக்கப்சு என்னும் அம்மையார், அமெரிக்க நகரங்களைப் பற்றி 1961-இல் வெளியிட்ட நூலில், தெருவைக் காப்பது காவலரைவிட அங்கு வாழ்வோரின் கண்களே என்று வாதிட்டார். நம் பாட்டிமாருக்கு இது புதிதன்று. அவர்கள் அமர்ந்திருந்த திண்ணையே தெருவின் காவற்கூடம். திண்ணையை இடித்துவிட்டுக் கண்காணிப்புக் கருவியைப் பொருத்திய நாம், அக்கருவி விழுந்த பிள்ளையைத் தூக்கிவிடாது என்பதை மறந்துவிட்டோம்.

இங்கே வேதனையோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "பாதுகாப்பான இடமா?" என்று வாய் கேட்கும்போது, "அங்கே எந்தச் சாதியார் இருக்கிறார்கள்?" என்றே சிலருடைய உள்ளம் கேட்கிறது. அமெரிக்காவில் 1930-களில் வீட்டுக் கடனுக்கான அரசு நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களின் குடியிருப்புகளை நான்கு தரங்களாகப் பிரித்து வரைபடம் தீட்டியது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு வண்ணம் பெற்றுக் கடைசித் தரமாயின. கடன் கிடைக்காமல் வீடுகள் சிதைந்தன. வீடுகள் சிதைந்ததால் பள்ளிகள் நலிந்தன. பள்ளிகள் நலிந்ததைக் காட்டி, "பார்த்தீர்களா, அது மோசமான இடம்" என்றனர். 1968-இல்தான் வீட்டு வசதியில் இனப்பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. நோயை உண்டாக்கியவரே நோயாளியைப் பழித்த கதை இது.

நம் நாட்டிலோ வண்ணத்துக்குப் பதில் செங்கல்லால் கோடு போட்டோம். மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் 1989-இல் எழுப்பப்பட்ட சுவர் தலித் மக்களைப் பொதுவழியினின்று பிரித்தது. 2008 மே மாதத்தில்தான் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டு வழி பிறந்தது. அதை எழுப்பியோரும் பாதுகாப்பு என்றே காரணம் கூறினர். அது வேற்று ஊர்க் கதையென்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது. ஒரே திருமுழுக்குப் பெற்றோரின் கல்லறைத் தோட்டங்களிலேயே சுவர் எழுப்பிய அவமானம் தமிழகத் திருச்சபைக்கும் உண்டு.

இயேசு பெருமான் கூறிய நல்ல சமாரியன் உவமையை நினைவுகூருங்கள். எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குச் செல்லும் சாலை பாதுகாப்பற்றது, கள்வர் நிறைந்தது. "எனக்கு அயலான் யார்?" என்று சட்ட அறிஞன் கேட்டான். யார் யாரை அயலாராக ஏற்பது, யாரை விலக்குவது என்று எல்லை வகுக்கும் கேள்வி அது. ஆண்டவரோ அக்கேள்வியைத் திருப்பிப்போட்டார். அடிபட்டவனுக்கு அயலானாய் நடந்துகொண்டவன் யார் என்று கேட்டார். மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2020-இல் வெளியிட்ட உடன்பிறப்பு உணர்வு பற்றிய சுற்றுமடலில், ஓர் இயல் முழுவதையும் இவ்வுவமைக்கே ஒதுக்கினார். நல்ல அயலாரை விலை கொடுத்து வாங்க இயலாது. நாமே நல்ல அயலாராவது ஒன்றே வழி.

அதற்கு நம் ஊர்களிலேயே முன்மாதிரிகள் உண்டு. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராயிருந்த பூ. ச. குமாரசாமி ராஜா, இராசபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றமாகப் பொதுமக்களுக்கு அளித்தார். திருவில்லிபுத்தூரில் 1875-இல் தோன்றிய பென்னிங்டன் நூலகம் எத்தனையோ தலைமுறை ஏழை மாணவரைப் படிக்க வைத்திருக்கிறது. ஓர் ஊரின் தரம் இவ்வாறு கொடுப்போரால் உயர்கிறது. தேடி வருவோரால் மட்டும் உயர்வதில்லை. புறநானூற்றுப் புலவர் பிசிராந்தையார், முதுமையிலும் தம் தலை நரைக்காமைக்குக் கூறிய காரணங்களுள் ஒன்று, தம் ஊரில் பண்பட்ட சான்றோர் பலர் வாழ்ந்தனர் என்பது. மாளிகையையோ அகன்ற வீதியையோ அவர் குறிப்பிடவில்லை.

ஆகவே, புது மனை வாங்கும் குடும்பத்தாரே, பள்ளியையும் பூங்காவையும் பாதுகாப்பையும் தாராளமாக ஆராயுங்கள். ஆனால் சாதியைக் கேட்டு மனை வாங்காதீர்கள். சாதியைக் கேட்டு வீட்டை வாடகைக்கு விடாதீர்கள். அது பாவம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பழைய தெருவிலேயே வாழ்வோரே, உங்கள் தெருவும் தரம் உயரத் தக்கதே. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர்க்கு இடமுண்டு. பிள்ளையைச் சேர்த்ததோடு நில்லாமல் அக்கூட்டத்துக்குச் செல்லுங்கள். கிராம சபையில் எழுந்து தெருவிளக்கைக் கேளுங்கள்.

இம்மாதக் குடும்பச் செபத்துக்குப் பின், பெற்றோரும் பிள்ளைகளும் ஒரு கேள்வியைத் தம்முள் பேசிக்கொள்ளட்டும்: "நாம் குடிவந்ததால் இத்தெருவில் யாருடைய வாழ்வேனும் சற்று எளிதாயிற்றா?" அன்பியக் கூட்டத்திலும் இதைப் பேசுங்கள். பெயர் தெரியாத அண்டை வீட்டாரின் பெயரை இவ்வாரமே கேட்டறியுங்கள். மனிதரிடையே வந்து குடிகொண்ட இறைமகன் உங்கள் இல்லங்களையும், உங்கள் அயலார் இல்லங்களையும் ஒருங்கே ஆசீர்வதிப்பாராக.