பூசணிக்காயும் பானையும்

ஒரு பூசணிக்காயை வரவழைத்துக் காட்ட முடியுமா? பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த எச். நரசிம்மையா 1976ல் எழுப்பிய சவால் இது. சவால் விடப்பட்டது, நகரின் கிழக்கே ஒயிட்ஃபீல்டில் ஆசிரமம் வைத்திருந்த சத்ய சாய்பாபாவுக்கு. வெறுங்கையிலிருந்து விபூதியும் மோதிரமும் வருகின்றன என்று பக்தர்கள் மெய்சிலிர்த்தார்கள். கைக்குள் அடங்காத பொருள் ஒன்று வரட்டுமே என்றார் துணைவேந்தர்.

நரசிம்மையா காந்தியவாதி. கதர் உடுத்தியவர். 1942 போராட்டத்தில் சிறை சென்றவர். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றும், பசவனகுடி நேஷனல் கல்லூரி விடுதி அறையிலேயே எளிமையாக வாழ்ந்தவர். அவர் அமைத்த குழுவின் பெயர் நீளமானது: அற்புதங்களையும், சோதித்தறியக்கூடிய பிற மூடநம்பிக்கைகளையும் ஆராயும் குழு. அதில் 'சோதித்தறியக்கூடிய' என்ற சொல்தான் முக்கியம். கண்ணெதிரே நடப்பதாகச் சொல்லப்படுவதை மட்டுமே அது குறிக்கிறது.

சாய்பாபா சோதனைக்கு உடன்படவில்லை. அதே ஆண்டில் 'பிளிட்ஸ்' ஆசிரியர் ஆர்.கே. கரஞ்சியாவுக்கு அளித்த பேட்டியில், விஞ்ஞானம் புலன்களின் எல்லைக்குள் நிற்பது, ஆன்மிகம் அதைக் கடந்தது என்ற பொருளில் விளக்கம் தந்தார். இதில் ஒரு சிக்கல் உண்டு. கடவுள் புலன்களைக் கடந்தவராக இருக்கலாம், விபூதி அப்படியல்ல. அதை நெற்றியில் இடலாம், தராசில் நிறுத்தும் பார்க்கலாம்.

அற்புதங்களைவிடக் கனமான சாட்சிகளைக் கடவுளுக்காகத் தேடியவர்கள் இந்தியத் தத்துவவாதிகள். பானை இருந்தால் குயவன் இருந்தாக வேண்டும். அதுபோல உலகத்துக்கும் ஒரு கர்த்தா வேண்டும் என்பது நியாய மரபின் வாதம். மிதிலையின் உதயணர் 'நியாய குசுமாஞ்சலி'யில் இதை விரிவாக நிறுவ முயன்றார். மெய்கண்டாரின் 'சிவஞான போதம்' முதல் சூத்திரத்திலேயே, தோன்றி, நிலைத்து, ஒடுங்கும் உலகத்தைக் காட்டி அதன் முதல்வனை அனுமானிக்கிறது.

இந்த வாதத்தைப் பௌத்தர்கள் மறுத்ததில் வியப்பில்லை. ராமானுஜரும் மறுத்ததுதான் வியப்பு. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து, கர்நாடகத்து மேல்கோட்டையில் பல ஆண்டுகள் வாழ்ந்ததாக மரபு சொல்லும் அந்த ஆசாரியர், 'ஸ்ரீபாஷ்ய'த்தில் அடுக்கடுக்காகக் கேட்கிறார்: உலகத்தைச் செய்தவர் ஒருவர்தான் என்று எப்படித் தெரியும்? பலர், பல காலங்களில் செய்திருக்கக் கூடாதா? நாம் பார்த்த குயவர்கள் எல்லாம் உடம்பும் குறைந்த அறிவும் உள்ளவர்களாயிற்றே? அனுமானத்தால் கடவுளை நிறுவ முடியாது, சாஸ்திரமே பிரமாணம் என்பது அவர் முடிவு. அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1779ல் வெளியான டேவிட் ஹியூமின் நூலும் இதே போன்ற கேள்விகளை எழுப்பியது. ஹியூம் சந்தேகவாதி, ராமானுஜர் பக்தர்.

தத்துவ வாதத்துக்கே இந்தக் கதி என்றால் அற்புதம் எந்த மூலைக்கு? பூசணிக்காய் வந்தே விட்டாலும், வரவழைத்தவருக்கு விசேஷ சக்தி இருப்பதாகத்தான் தெரியும். உலகைப் படைத்தவர் அவரே என்று ஆகாது. வராவிட்டாலும் கடவுள் இல்லை என்று ஆகாது. அதனால் நரசிம்மையாவின் கேள்வியால் உண்மையான பக்தருக்கு நஷ்டம் ஏதுமில்லை.

நரசிம்மையா 2005லும், சாய்பாபா 2011லும் மறைந்தார்கள். அவர்களுடைய தகராறு கடிதங்களோடும் பேட்டிகளோடும் முடிந்தது. 2014ல் பெங்களூரில் மூடநம்பிக்கைத் தடுப்பு மசோதா பற்றிய கருத்தரங்கில், சிலை வழிபாடு குறித்துப் பேசி எதிர்ப்புக்கு உள்ளான கன்னட அறிஞர் எம்.எம். கல்புர்கிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2015 ஆகஸ்ட் 30 அன்று தார்வாட்டில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

பானையைப் பார்த்துக் குயவனை நம்புகிறவர் நம்பட்டும். பூசணிக்காய் கேட்கிறவரும் உயிரோடு இருந்து கேட்கட்டும்.