பட்டம் கொடுத்தது யார்?

ருஷ்யச் சக்ரவர்த்தினி காதரைனின் பெயரை எடுத்தாலே சிலருக்கு உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடுகிறது. எத்தனை காதலர்கள், யாருக்கு என்ன சன்மானம், எப்படிச் செத்தாள் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்துவிடுகிறார்கள். 1796-ல், 67-வது வயதில், பக்கவாதம் கண்டு படுக்கையில் செத்தாள் என்பதுதான் விஷயம். ஆண் சக்ரவர்த்திகளின் அந்தப்புரங்களை இவர்கள் இப்படி உட்கார்ந்து எண்ணியதில்லை. அவர்களோடு எனக்கு வாதம் இல்லை.

என் சண்டையெல்லாம் அவளை 'மகா காதரைன்' என்று பக்தியோடு எழுதுகிற படித்தவர்களோடுதான்.

அவர்கள் சொல்லுவதில் பொய் இல்லை. வால்டேருக்குக் கடிதம் எழுதினாள். 1764-ல் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்தாள். 1765-ல் டிடரோ பணமுடையால் தம் புத்தகங்களை விற்க வந்தபோது 15,000 லிவர் கொடுத்து வாங்கி, அவற்றை அவரிடமே விட்டுவைத்து, அவற்றைப் பார்த்துக்கொள்ள அவருக்கே சம்பளமும் போட்டாள். 1768-ல், ஜனங்கள் அம்மை குத்திக்கொள்ளப் பயந்த காலத்தில், தானே முதலில் கையை நீட்டினாள். அது சாதாரண தைரியம் அல்ல, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 1767-ம் வருஷத்தை என்ன செய்வது? புதிய சட்டம் இயற்ற ஐந்நூறுக்கு மேற்பட்ட பிரதிநிதிகளை மாஸ்கோவில் கூட்டினாள். மாண்டெஸ்க்யூவிடமிருந்தும் பெக்காரியாவிடமிருந்தும் தாராளமாக எடுத்து அவள் எழுதிய உபதேசம் வாசிக்கப்பட்டது. சபை உருகிப்போய் 'மகா' என்ற பட்டத்தைச் சமர்ப்பித்தது. அவள் அடக்கமாக மறுத்தாள். பிரபுக்களுக்கு அங்கே ஆசனம் இருந்தது, நகரத்தாருக்கு இருந்தது, சர்க்கார் நிலத்துக் குடியானவர்களுக்கும் இருந்தது. பிரபுக்களின் பண்ணையடிமைகளுக்கு மட்டும் ஒன்றுகூட இல்லை. அதே ஆகஸ்டு மாதம் அவள் ஓர் உத்தரவு போட்டாள்: எஜமானன்மேல் புகார் மனு கொடுக்கும் பண்ணையடிமைக்குக் கசையடி; அதற்குமேல் நெர்ச்சின்ஸ்க் சுரங்கத்தில் கடுங்காவல்.

இந்த உத்தரவின் கனம் தெரிய வேண்டுமானால் ஐந்து வருஷம் பின்னால் போகவேண்டும். 1762-ல் அவள் பட்டத்துக்கு வந்த புதிதில், இரண்டு பண்ணையடிமைகள் எப்படியோ அவளிடம் ஒரு மனுவைச் சேர்த்தார்கள். அதில் ஒருவன், எஜமானி டார்யா ஸால்டிகோவாவின் கொடுமைக்கு மூன்று மனைவிகளை ஒருத்திக்குப்பின் ஒருத்தியாகப் பறிகொடுத்தவன். வருஷக்கணக்கில் விசாரணை நடந்து 38 கொலைகள் ருசுவாயின. 1768-ல் அந்தப் பிரபு வீட்டுச் சீமாட்டிக்கு ஆயுள் சிறை. நியாயம்தான். ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்கு முன்பே, அப்படி ஒரு மனு அரண்மனைக்கு வந்துசேரும் வழியை அவளே அடைத்தாயிற்று!

"பிரபுக்களின் தயவில் புருஷனைத் தள்ளிவிட்டு ஏறிய சிம்மாசனம். அவர்களை எப்படிப் பகைத்துக்கொள்ள முடியும்?" என்று கேட்கிறார்கள். முடியாது, சரி. அந்த நிர்ப்பந்தம் எனக்கும் புரிகிறது. நிர்ப்பந்தத்துக்குப் பணிந்ததை மகத்துவம் என்று எழுதாதீர்கள் என்றுதான் சொல்லுகிறேன்.

1790-ல் ராதிஷ்சேவ் என்ற ருஷ்யர் பண்ணையடிமைகளின் துயரத்தைப் புத்தகமாக எழுதினார். மரணதண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது பத்து வருஷ ஸைபீரிய வாசமாகக் குறைக்கப்பட்டது. தூரத்துப் பாரிஸில் எழுதினால் சம்பளம். பக்கத்துப் பீட்டர்ஸ்பர்க்கில் எழுதினால் ஸைபீரியா.

டிடரோவுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. அவளுடைய உபதேசத்தைக் கண்டித்துக் குறிப்புகள் எழுதினார். அவர் 1784-ல் செத்த பிறகுதான், விலைக்கு வாங்கிய புத்தகங்களோடு புத்தகமாக அவை அவளிடம் போய்ச் சேர்ந்தன. படித்துவிட்டுச் சீறினாளாம். உயிரோடு இருந்தபோது அவர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்.

நானும் எழுதிப் பிழைக்கிறவன். அதனால்தான் இது எனக்கு உறைக்கிறது. அவள் மறுத்த பட்டத்தை நிலைக்கச் செய்தவர்கள் எழுதத் தெரிந்தவர்கள். எழுதத் தெரியாத லட்சோபலட்சம் பேரை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு விடுதலை 1861-ல்தான் வந்தது. இனி யாராவது 'மகா' என்று எழுதப் பேனாவை எடுத்தால், மனுவோடு அரண்மனைக்குப் போன அந்த இரண்டு பேரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டு எழுதட்டும்.