விதைக்கு ஒரு காய்

பாரிஸ் புறநகர்த் தோட்டங்களில் நம்மவர் நட்ட கத்தரியும் பயற்றையும் காய்க்கத் தொடங்கிவிட்டன. காய்த்ததையெல்லாம் கறியாக்கிவிட்டு, மறு ஆண்டு விதைக்கு ஊரிலிருந்து வருவோரின் பையை எதிர்பார்ப்பது நமது வழக்கம். அந்தப் பையை இனி நம்பியிருக்க இயலாது. 2019 டிசம்பர் 14 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரும் ஒரு பிடி விதைக்கும் தாவரநலச் சான்றிதழ் வேண்டும். கடையில் விற்கும் கலப்பின விதையோ ஓராண்டுக்கே உதவும். அதிலிருந்து எடுத்த விதையை இட்டால் குணம் பிரிந்துவிடும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஊதாக் கத்தரி நம்மிடம் எஞ்சியிருப்பின், அதைக் காப்பது நமது பொறுப்பே.

ஊரில் கடைசிக் காயை விதைக்கு விட்டாலும் முற்றும். இங்கே அதற்குள் குளிர் வந்துவிடும். ஆகவே முதற்காயைத்தான் விட்டாக வேண்டும். மனம் இலேசில் இணங்காது. ஓராண்டு காத்திருந்து கண்ட காயல்லவா! எனினும் நோயற்ற செடியில் இரண்டு காய்களுக்கு இன்றே நூல் கட்டுவோம். கத்தரி ஊதா மங்கி மஞ்சள் படரும்வரை செடியிலேயே நிற்கட்டும். பின் விதையைக் கழுவி நிழலில் உலர்த்தலாம். பயற்றை நெற்று காய்ந்து கலகலக்க வேண்டும். ஆச்சிமார் விதையைச் சாம்பலில் பிரட்டி வைத்தனர். அடுப்புச் சாம்பலற்ற நமக்கு, நன்குலர்ந்த விதையை இறுக மூடிய போத்தலிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் போதும். பத்து விதை அயல் வீட்டுக்கும் போகட்டும்; நமது செடி பட்டுப்போனால் அங்கிருந்து திரும்பப் பெறலாம்.